சித்தி கொண்டுவந்த கொலைக் கதைகள்

என் அம்மாவுக்குக் கொலைக் கதை என்றால் உயிர். ஆனால் கையில் எடுத்துப் படிக்க முடியாது. மிளகாய் வத்தல் காய்ந்து வீட்டுக்கு வந்துவிட்டால் பொழுதன்றைக்கும் காம்பு கிள்ளுகிற வேலைதான். அந்தக் கையோடு புத்தகத்தைத் தொட்டால் அடுத்துத் தொடுகிறவர் கண்ணும் சேர்ந்து எரியும். அதனால் அம்மா கிள்ளுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். நாலாம் வகுப்பிலேயே பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் திக்காமல் வாசித்த பிள்ளை எங்கள் ஊர் பரளச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்கத்தான் சித்தப்பா பாளையம்பட்டியில் போய்ப் பெண் எடுத்தார். வந்த சித்தி சும்மா வரவில்லை. பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு அடுக்கு மாத நாவல். அட்டைக்கு அட்டை ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள். மறுவாரமே ஒன்றை உருவிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"இதக் கேளுங்கக்கா, தங்கமான கதை. கடைசிப் பக்கம் வரைக்கும் கொன்னது யாருன்னு கண்டே பிடிக்க முடியாது."

சொன்னதோடு நில்லாமல் என் இடத்திலேயே உட்கார்ந்து படிக்கவும் ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், செத்தவன் பெண்டாட்டிக்கு ஒரு குரல். நான் படித்தபோது எல்லோரும் ஒரே குரலில்தான் செத்தார்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, கொலைகாரன் யார் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் டீ போட வேண்டும். ஒவ்வொரு கதையிலும் சித்திதான் தோற்றாள். "அக்கா மூளையே மூளை" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போவாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் படித்துக் காட்டிய எனக்கு ஒரு பந்தயம் உண்டா, ஒரு சிரிப்பு உண்டா? பக்கத்தில் போனால், "சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி கொலக் கதை? போய் விளையாடு" என்றாள் அம்மா. திடீரென்று நான் சின்னப் பிள்ளையாகிவிட்டேன்!

ஒரு நாள் சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டேன். சாயங்காலம் கதை சூடு பிடித்தபோது வாசலில் நின்று கத்தினேன்.

"கொன்னது டிரைவர் இல்ல, டாக்டரோட தம்பி!"

"வயித்தெரிச்சல் பிடிச்ச கழுத!" என்று அம்மா எழுந்தே விட்டாள். சித்தி, "ஐயையோ, நான் டிரைவருன்னுல்ல நெனச்சேன்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் சித்தி வேறொரு நாவலை என்னிடம் நீட்டினாள். "இது ரொம்ப நல்லாருக்கும் பாப்பா. இத நீ படி, நாங்க கேக்கோம்." படித்தேன். சித்தி வேலைக்காரி என்றாள், நான் மாப்பிள்ளை என்றேன். நான் சொன்னதுதான் சரி. எனக்கென்று தனியாக, சீனி தூக்கலாக ஒரு டீ வந்தது. தோற்றவள் கையால் வாங்கிக் குடிக்கிற மிதப்பில் டம்ளரைக் கூடக் கழுவி வைக்கவில்லை.

இப்போது சித்தி அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். தான் பார்த்து முடித்ததில் எந்தக் கொலைத் தொடரைப் பார்க்கலாம் என்று தினமும் போனில் அம்மாவுக்குச் சொல்கிறாள். ஒரு மணி நேரம் பேச்சு. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா போனை வைத்ததும் கேட்டேன்.

"ஏம்மா, அவுக கொண்டுவந்ததெல்லாம் ஏற்கெனவே படிச்ச புக்குத்தான? பெறகு எப்படித் தோத்தாக?"

"படிக்காமலா தங்கமான கதைன்னு சொல்லுவா? மொத நாளே எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "புது வீட்டுல யாரையாச்சும் ஒட்டிக்கிடணும்ல. அந்தப் பிள்ள பாவம், தோத்துத் தோத்து ஒட்டிக்கிட்டா. நானும் தெரியாத மாதிரியே செயிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப எங்கிட்டத் தோத்தது?"

"ஒன்னையும் ஒட்டணும்ல."

அம்மா பக்கத்தில் ஓர் இடத்துக்குத் தவித்தது நான் ஒருத்திதான் என்று அத்தனை காலம் நினைத்திருந்தேன். சித்தி பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இத்தனை வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் வைத்திருந்திருக்கிறார்களே! அன்றைக்கு எரிந்ததைவிட இன்றைக்குக் கூடுதலாகத்தான் எரிகிறது.