மீஞ்சூர்க்காரனைச் சித்தப்பா ஜெயித்திருப்பாரா?

இறால் ஓட்டின் வீச்சமும், வெயிலேறிய தகரக் கூரையின் காந்தலும், ஐஸ் பெட்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீர் காலடியில் ஓடும் சில்லிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் குத்துச்சண்டைதான் நினைவுக்கு வரும். கோட்டைக்குப்பத்தில் எங்கள் சங்கக் கொட்டகையின் ஒரு பாதி மீன் ஏலத்துக்கு. மறுபாதி, மரச்சட்டம் அடித்து உயரத்தில் ஏற்றி வைத்திருந்த டிவிப் பெட்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வலைக்குப் போவதில்லை. அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் ஹெவிவெயிட் சண்டை எங்களுக்கு ஞாயிறு காலையில் வந்து சேரும் என்பதால், சாமியார் பூசை முடித்துக் கடைசி ஆசீர் கொடுப்பதற்குள் பின்வரிசை ஆண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் வாதம் என்று வந்துவிட்டால் என்னை மடக்க அங்கே ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்காரப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் வீரர்களுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்திருந்தோம். நீளக் கையை நீட்டி எதிராளியைக் கிட்டவே விடாமல் பொழுதை ஓட்டும் நெட்டைச் சாம்பியன் "பூநாரை". குனிந்து பக்கவாட்டில் நகர்ந்து விலாவில் குத்துகிறவன் "நண்டு". மூன்று முறை ஓய்வு பெற்று மூன்று முறையும் திரும்பி வந்தவன் "ரிட்டயர்டு".

"ஹெவிவெயிட்டுல ஆளே இல்ல. கதை முடிஞ்சி போச்சி" என்று என் நைனா ஒவ்வொரு ஞாயிறும் தீர்ப்புச் சொல்வார், அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து உட்காருகிறவரும் அவர்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே பட்டத்தை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அடுத்த இடத்தில் இருந்த நண்டுக்குப் பூநாரை மூன்று வருஷமாகச் சண்டை கொடுக்காமல், எங்கிருந்தோ தொப்பைக்காரர்களைத் தேடிப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தான். இதற்கு நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதற்குப் "பாடு" என்று பெயர். பாடு விழுந்துவிட்டால் பணக்காரன், பலசாலி என்றெல்லாம் பேச்சில்லை, முறை வந்தவன் போட்டுத்தான் ஆகவேண்டும். ஹெவிவெயிட்டுக்கும் பாடு போட்டால் பூநாரை எங்கே போய் ஒளிவான் என்று கேட்டேன். கொட்டகையே கைதட்டியது. அன்றிலிருந்து என் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. அந்த மதிப்புதான் பின்னால் வினையாகவும் போயிற்று.

எங்கள் வீட்டிலேயே ஒரு ஹெவிவெயிட் இருந்தார். நைனாவின் தம்பி, அருள் சித்தப்பா. பதினேழு வயதில் காசிமேட்டுக்கு விசைப்படகு வேலைக்குப் போனவர் அங்கே குத்துச்சண்டை கற்றுக்கொண்டு திரும்பினார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படகு. இறால் வரத்தோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் ஒரு அரசு நிறுவனத்துக் குத்துச்சண்டை அணியின் பயிற்சியாளர், மாவட்டப் போட்டியில் முதலிடத்தோடு வந்தால் அணியில் சேர்த்து வேலையும் வாங்கித் தருவதாகச் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். மாதச் சம்பளம். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, அதற்குமேல் போனால் எந்த அணியும் எடுக்காது.

எந்த எடைப் பிரிவில் இறங்குவது என்று கொட்டகையில் வாரக்கணக்கில் பேச்சு நடந்தது. தொண்ணூற்றொரு கிலோவுக்கு மேல் இருந்தால் பெரிய எடை, அதைத்தான் நாங்கள் ஹெவிவெயிட் என்போம். எங்கள் பக்கம் எல்லாம் ஒல்லிக் குச்சி உடம்புகள் என்பதால் அந்தப் பிரிவில் மாவட்டத்துக்கே ஒரே ஆள்தான்: மீஞ்சூரில் மூட்டை தூக்கும் தேவராஜ், நூற்றுப்பத்துக் கிலோ. அவன் ஒருவனை ஜெயித்தால் முதலிடம். கீழே இருந்த பிரிவிலோ கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர், எல்லாம் "பாதரசம்" மாதிரி ஓடுகிறவர்கள். ஹெவிவெயிட்தான் என்று முடிவாயிற்று.

சித்தப்பாவை மீன் நிறுக்கும் தராசில் ஏற்றினோம். எண்பத்தொன்பது காட்டியது.

எல்லார் முகமும் தொங்கிப் போனபோது நான்தான் எழுந்து நின்றேன். அந்தத் தராசு பழவேற்காட்டுக் காசிம் பாயுடையது. ஏலம் எடுக்கிறவர் தராசு குறைத்துத்தான் காட்டும் என்பது எங்கள் குப்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கூடையை ஏற்றும்போதே மனசுக்குள் நூற்றுக்கு நாலு கிலோ கூட்டிக்கொள்வது எங்கள் ஆட்களின் பழக்கம். "மீனுக்கு நாலு கிலோ கூட்டுறோம், சித்தப்பாவுக்கு மட்டும் கூட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன். எண்பத்தொன்பதும் நாலும் தொண்ணூற்று மூன்று. கொட்டகையே தலையாட்டியது. கொட்டகை வாசலில் நின்றிருந்த அம்மா மட்டும், "பொன்னேரி ஸ்டேஷன்ல காசு போட்டா எடை பாக்குற மிஷின் கீதே, அதுல ஒரு தபா ஏறிப் பாக்கறதுக்கு இன்னா?" என்றார். ஜோசியச் சீட்டு கொடுக்கிற மிஷினை நம்பிச் சண்டைக்குப் போகச் சொல்கிறாயா என்று நான் திருப்பிக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டார்.

இரண்டு கிலோ உபரி இருக்கிறது என்ற தைரியத்தில் சித்தப்பா நிம்மதியாக இருந்தார். அது தவக்காலம். போட்டிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை என்பதால் உபவாசத்தைக்கூட விடவில்லை; சனிக்கிழமை காலையில் ஒரு டம்ளர் கருப்பு டீயோடு பொன்னேரிக்குக் கிளம்பினார். நைனாவும் நானும் கூடப் போனோம்.

பள்ளி மைதானத்தில் மேஜை போட்டு எடை பார்த்தார்கள். சித்தப்பா ஏறி நின்றார். எண்பத்தெட்டரை. இறங்கி மறுபடி ஏறினார். "சார், இன்னொரு தபா பாருங்க சார்" என்று நைனா கெஞ்சியதற்கு அவர்கள் படிக்கல் வைத்தே காட்டினார்கள். தராசு சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று நைனா குழாய்ப் பக்கம் ஓடுவதற்குள் நேரம் முடிந்தது என்று மேஜையை மடக்கிவிட்டார்கள். எழுதுகிறவர் சித்தப்பா பெயரைக் கீழ்ப் பிரிவில் எழுதினார். காசிம் பாயின் தராசில் ஒரு குற்றமும் இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில் புரிந்தது. எத்தனையோ வருஷமாக நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிய மனிதர் சரியாகவே நிறுத்திருக்கிறார்.

அன்றைக்குச் சித்தப்பா மூன்று சண்டை போட்டார். இரண்டில் ஜெயித்தார், வெறும் வயிற்றோடு. கடைசிச் சண்டையில் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பையன் ஒருவன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து புள்ளி எடுத்துக்கொண்டு போய்விட்டான். தேவராஜுக்கு எதிராளியே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றவன், பெயர் கூப்பிட்டதும் மேடையேறி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்கினான். பயிற்சியாளர் சித்தப்பாவின் வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலிடமாக இருந்தால் பேசலாம் தம்பி என்று சொல்லி அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் விக்கி விக்கி அழுதேன். சித்தப்பா உதடு வீங்கியிருந்ததால் சரியாகப் பேச வரவில்லை. "கணக்குப் போட்டது நீ. தலையாட்டுனது இத்தினி ஆம்பளைங்க. வுடு, அழாத" என்றார்.

அதன் பிறகு கொட்டகையில் உலக ஹெவிவெயிட் பேச்சுக்குப் போட்டியாக இன்னொரு பேச்சு வந்து சேர்ந்தது. அன்றைக்கு எடை சரியாக இருந்து, தேவராஜோடு மோதியிருந்தால் சித்தப்பா ஜெயித்திருப்பாரா? இருபது வருஷத்துக்கு மேல் அலுக்காமல் இதைப் பேசியிருக்கிறோம். பூநாரை ஓய்வு பெற்றான், நண்டு காணாமல் போனான், எங்கள் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. நூற்றுப்பத்துக் கிலோ ஆள் ஒரு குத்து விட்டால் போதும் என்பது நைனாவின் கட்சி. சித்தப்பாதான் ஜெயித்திருப்பார் என்பது என் கட்சி. ஏரியில் கழி ஊன்றி ஊன்றி இறுகிய இடது தோளையும், மூட்டை தூக்குகிறவனுக்குக் கழுத்து திரும்பாது என்பதையும் வைத்து நான் அடுக்கும் காரணங்களை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். படித்து வக்கீலாகிப் பொன்னேரி நீதிமன்றத்துக்குப் போன பிறகு என் வாதம் இன்னும் கூர்மையாயிற்று. சித்தப்பா மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். வலையைப் பின்னியபடி கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

போன மாசி மாதம் ஒரு விபத்து வழக்குக்காக என்னைத் தேடி வந்த பெரிய உடம்புக்காரர், பேச்சுவாக்கில் தன் பெயர் தேவராஜ், ஊர் மீஞ்சூர் என்றார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். எத்தனை வருஷத்துக் கேள்வி! அவர் சிரித்துக்கொண்டே வலது மணிக்கட்டை நீட்டினார், எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

"அன்னிக்கு இது ஒடஞ்சி இருந்துச்சும்மா. ஒரு வாரம் முன்ன மூட்டை வுழுந்துச்சி. கட்டைப் பிரிச்சி எறிஞ்சிட்டு, மேல சட்டையப் போட்டுக்கினு வந்தேன். எதிர்ல ஆளு இல்லன்னு தெரியும், சும்மா நின்னாலே மெடலு. எவனாவது வந்திருந்தா நான் மேடையே ஏறியிருக்க மாட்டேன்."

நாலு செம்பு தண்ணீர். சித்தப்பா அன்று காலையில் நாலு செம்பு தண்ணீரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் உள்ளே தள்ளியிருந்தால் போதும், ஒரு குத்துகூட விடாமல் தங்கமும் வேலையும் அவருடையது. குடிக்க வேண்டாம் என்று சொல்லாமல் சொன்னவள் நான். இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

நைனா இப்போது இல்லை. அந்தத் தகரக் கொட்டகையும் இல்லை, அதே இடத்தில் கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. சண்டையை அவரவர் போனில் அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஞாயிறு பூசை முடிந்து நாலு பேர் கூடுவோம். சில வாரங்களுக்கு முன் ஒரு பட்டச் சண்டை முடிந்து, ஹெவிவெயிட்டில் ஆளில்லை என்று வழக்கம்போல் பேசி ஓய்ந்ததும், யாரோ தேவராஜ் பேச்சை எடுத்தார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"தேவராஜ்தான் ஜெயிச்சிருப்பான்" என்றேன்.

சித்தப்பாவின் கையில் வலை ஊசி நின்றது. "இன்னா செலினு, கட்சி மாறிட்டியா?"

"நல்லா யோசிச்சிதான் சொல்றேன். ரெண்டாவது ரவுண்டு தாண்டியிருக்க மாட்ட நீ. எடை கொறஞ்சது உனக்கு நல்லதாப் போச்சி. இல்லன்னா தாடை போயிருக்கும்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சித்தப்பா அந்தப் பேச்சில் வாயைத் திறந்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர் வலையை உதறிவிட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, இடது கையை எப்படி இறக்கியிருப்பேன் பார் என்று கூடத்தில் நின்று காட்டினார். நான் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. சோறு ஆறுகிறது என்று சித்தி மூன்று முறை கூப்பிட்டும் அவர் வரவில்லை. வியர்த்து வழிய, முகமெல்லாம் சிரிப்பாக, தேவராஜை என் கண் முன்னால் அடித்துக்கொண்டிருந்தார்.