நீல இழை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அது எனக்கும் தெரியும், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவருக்கும் தெரியும். தெரியாதவர் என் நெறியாளர் ஒருவர்தான். இளங்கலை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு பருவம் எங்கள் ஆய்வகத்தில் வேலை பழக வந்தபோது, முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த எங்களிடம் ஆளுக்கு ஒருவரைப் பிரித்துக்கொடுத்தார். எனக்கு வந்தவள் நாங்குநேரிப் பக்கத்துப் பெண். அப்பா வாழை போடுகிறவர். அவள் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, எனக்கு முன்னால் வந்து ஆய்வகக் கதவருகில் நிற்பாள்.

என் ஆராய்ச்சி தாமிரபரணித் தண்ணீரில். பாபநாசத்தில் குளிக்க வருகிறவர்கள், பாவம் போகும் என்று, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவது வழக்கம். அந்தத் துணிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் பிரிந்து எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. அணைக்கு மேலே காட்டுக்குள் ஒரு இடம், பாபநாசம் படித்துறை, சேரன்மகாதேவி, திருவைகுண்டம் என்று நான்கு இடங்களில் தண்ணீர் எடுப்பேன். வடிதாளில் வடிகட்டி, தாளை நுண்ணோக்கியில் வைத்து, நிறம் நிறமாக இழைகளை எண்ணுவேன்.

முதல் நாளே அந்தப் பெண் ஒரு வடிதாளைத் தலைகீழாக வைத்துவிட்டாள். வனத்துறையில் அனுமதிக்கு நடையாய் நடந்து எடுத்துவந்த தண்ணீர் அது. வீணாய்ப் போயிற்று. நான் போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டிருக்கும். “இங்கன சொன்னத மட்டும் செய்யணும். சொந்த மூளைய எல்லாம் வீட்லயே வச்சிட்டு வா” என்றேன். “சரிக்கா” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைத் தவிர அதிகம் வரவில்லை. வேலை சுத்தமாக நடந்தது. பிள்ளைகளை இப்படித்தான் பழக்க வேண்டும் என்று மற்ற ஆய்வாளர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டேன்.

வடிகட்டுவதும் எண்ணுவதும் நடக்கும் நுண்ணோக்கி அறைக்கு, அவள் வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஏசி மாட்டியிருந்தார்கள். மாட்டிய வாரமே ரிமோட் தொலைந்துபோய், ஏசி பதினெட்டிலேயே நின்றுவிட்டது. கல்லூரிச் சுற்றுலாவில் ஊட்டியில் வாங்கிய நீல ஸ்வெட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதை எடுத்துவந்து போட்டுக்கொண்டேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, நான் ஸ்வெட்டரோடு டீ குடிக்க வருவதைப் பார்த்து, காவலாளி அண்ணாச்சி கொடைக்கானல் பஸ் எத்தனை மணிக்கு என்று தினமும் கேட்பார்.

எங்கள் தண்ணீரில் நீல இழை எக்கச்சக்கமாக இருந்தது. பாபநாசத்தில் இருந்தால் ஆச்சரியமில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுத் தண்ணீரிலும் இருந்தது. நான் விடுவேனா? காற்றில் பறந்துபோய் மலை மேல் விழுகிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்து, அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதி முடித்தேன். திங்கட்கிழமை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரை வெளிவந்தால் அந்த வருடமே பட்டம் கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் என் மேசைக்கருகே வந்து நின்றாள். கையில் நோட்டு.

“அக்கா, ஒருக்க ஸ்வெட்டரக் கழத்திட்டு வடிகட்டிப் பாப்பமா?”

“ஏன், ஒனக்கு வேக்குதாக்கும்?”

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

எங்கள் தொழிலில் பிளாங்க் என்று ஒன்று உண்டு. ஆற்றுத் தண்ணீருக்குப் பதிலாகச் சுத்தமான காய்ச்சி வடித்த நீரை அதே மாதிரி வடிகட்டிப் பார்ப்பது. அதில் ஏதாவது தெரிந்தால் அது நம் கையிலிருந்து வந்தது என்று அர்த்தம். நான் முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். சுத்தமாக இருந்தது. பிறகு நேரமில்லை என்று விட்டுவிட்டேன். ஏசியும் ஸ்வெட்டரும் வந்தது அதற்குப் பிறகு.

அவள் சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் செய்திருக்கிறாள். நான் இருந்த நாட்களில் நீல இழை. நான் விடுப்பில் இருந்த நாட்களில், மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் செய்ததில், ஒன்றுமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்கக்கூட வாய் திறந்தேன். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, வடிகட்டினேன். தாள் வெள்ளையாக இருந்தது. மறுபடி போட்டுக்கொண்டு வடிகட்டினேன். மூன்று நீல இழைகள். கைப்பகுதியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து அருகில் வைத்துப் பார்த்தேன். ஒரே நீலம், ஒரே முறுக்கு. 

“எப்பம்ட்டி கண்டுபிடிச்ச?”

“மூணு வாரமாச்சுக்கா.”

“பெறவு ஏன் சொல்லல?”

“சொன்னத மட்டும் செய்யச் சொன்னியள்லாக்கா.”

குத்திக்காட்டவில்லை. பஸ் நேரம் கேட்டால் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலேயே, “நான் யார்ட்டயும் சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன்” என்றாள். அந்த இடத்தில் அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். ஒரு மாதத்தில் அவள் போய்விடுவாள். நெறியாளர் முதல் மாதத்துப் பிளாங்க்கைப் பார்த்தவர், மறுபடி கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரை கட்டுரையைக் கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். கொடுத்தால் அவள் ஒன்றும் பேசமாட்டாள். “சரிக்கா” என்பாள். அப்படி இருக்க அவளைப் பழக்கியது நான். அதை நினைத்ததும் கட்டுரையை மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய் நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எத்தனை மாதக் கணக்கு போயிற்று என்று கேட்டார். எட்டு என்றேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். “இவதான் சார்” என்றேன். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பி, தினமும் பிளாங்க் வை என்றார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தபோது அவள் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எதற்கு நிற்கிறாய் என்று அதட்டினேன். அவள் நகரவில்லை.

அவளுடைய பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, புதிதாகத் தண்ணீர் எடுக்க இருவரும் பாபநாசம் போனோம். படித்துறையில் நல்ல கூட்டம். ஒருவர் மூழ்கி எழுந்து, இடுப்பு வேட்டியை அவிழ்த்துத் தண்ணீரோடு விட்டுவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார். வேட்டி கொஞ்ச தூரம் மிதந்துபோய்ப் பாறையில் சிக்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற நான், “அந்த ஸ்வெட்டரையும் கொண்டுவந்து இங்கன விட்டிருக்கலாம், என் பாவமும் போயிருக்கும்” என்றேன்.

அவள் பாட்டிலை மூடி, மேலே இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“விட்டுராதியக்கா. பெறவு அதையும் நாமதான் எண்ணணும்.”