பெட்ரோலில் கிடந்த இழை

போன வாரம் மூக்குக்கண்ணாடி மாற்றினேன். புதுக் கண்ணாடியோடு, துடைப்பதற்கென்று கையகலத் துணி ஒன்றையும் மடித்துக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்துக் கடை அல்லவா, பட்டுத் துண்டு. வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் ஓரம் தைக்கவில்லை. வெட்டிய விளிம்பிலிருந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் வாயில் பெட்ரோல் ருசி வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், பெட்ரோலுக்கு ருசி உண்டு. அது தெரிந்தவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருந்தாலே அதிகம்.

அறுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்தை ஒட்டி ஒரு டாக்டரம்மா பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே நான் டிரைவர். டிரைவர் என்றால் கார் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டவ் பற்றவைப்பது, கட்டில் நகர்த்துவது, பிரசவத்துக்குத் துணைவந்த உறவுக்காரர்களின் சண்டையை விலக்குவது எல்லாம் என் உத்தியோகம்தான். காரோ டாக்டரம்மாவின் மாமனார் ஓட்டிக் களைத்த கறுப்புக் கார். கையால் சுற்றிக் கிளப்பவேண்டிய நாட்களும் உண்டு. அது ஒழுங்காக ஓடினால் எனக்கு வரும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான்தான் கார்புரேட்டர். உள்ளே டம்ளர் மாதிரி ஒரு கிண்ணம், பெட்ரோல் அதில் வந்து நிற்கும். அங்கிருந்து ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு வழியாக எஞ்சின் அதை உறிஞ்சும். ஜெட்டின் ஓட்டை ஊசிமுனை அளவு. தூசி அடைத்தால் கழற்றி, வாயில் வைத்து ஊதவேண்டும். கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். ருசி தெரிந்தது இப்படித்தான்.

தூசி வராமலிருக்க மற்ற டிரைவர்கள் புனலில் மெல்லிய தோலைப் போட்டுப் பெட்ரோலை வடிகட்டுவார்கள். எனக்கு வாய்க்கொழுப்பு. "பட்டு ஊர்ல இருந்துக்கினு எவனாவது தோல்ல வடிகட்டுவானா?" என்று கேட்டுவிட்டு, தையற்கடையில் ரவிக்கை வெட்டிய மிச்சத்தில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுத் துண்டை வாங்கிப் புனலில் விரித்தேன். மணல் ஒரு பொட்டு இறங்கவில்லை. கார் ஸ்டாண்டில் எனக்குப் 'பட்டு டிரைவர்' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

அது ஒரு சித்திரை மாதத்து முற்பகல். ஏகாம்பரம் என்ற நெசவாளி, மனைவி தனக்கோட்டியை ரிக்‌ஷாவில் அழைத்து வந்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல் குழந்தை. காலையிலிருந்து வலி. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வெளியே வந்து என்னைத்தான் கூப்பிட்டார்.

"கொழந்த குறுக்கே கெடக்குது. அறுத்துதான் எடுக்கணும், இங்க வசதி இல்ல. செங்கல்பட்டுக்குப் போன் பண்ணிட்டேன். ஓட்டு. எங்கயும் நிக்காத."

பின்சீட்டில் தனக்கோட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸ் கிரேஸ் சிஸ்டர். முன்சீட்டில் என் பக்கத்தில் ஏகாம்பரம். அவர் அதுவரை காரில் ஏறியதில்லை போலும், இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயம்பேட்டை தாண்டுவதற்குள் எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. பிளக்கில் பொறி வந்தது. ஆக, கார்புரேட்டர்தான். கிண்ணத்தில் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடுகிற மிதவை சிக்கியிருக்கும் என்று ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டிக் கிளப்பினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. "அவ்ளோதான்!" என்று பெரிய மெக்கானிக் போல ஏகாம்பரத்தைப் பார்த்துச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

வாலாஜாபாத்தைக் கடந்ததும் மறுபடி நின்றது. இந்தத் தடவை ஜெட்டைக் கழற்றிச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. இருந்தாலும் ஊதினேன். வாயெல்லாம் எரிந்தது. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்திருக்குமோ என்று துண்டை நனைத்து, பெட்ரோலை ஏற்றுகிற பம்பின்மேல் சுற்றினேன். அவசரத்தில் திருகாணி ஒன்று தார்ரோட்டில் விழுந்து உருண்டது. அதைத் தேடியெடுப்பதற்குள் உள்ளேயிருந்து தனக்கோட்டி போட்ட சத்தம் என் முதுகில் விழுந்தது.

"தம்பி, ரொம்ப நேரம் தாங்காது," என்றார் கிரேஸ் சிஸ்டர். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கிளம்பியது. இரண்டு மைல் ஓடியது. பழையசீவரத்து மலை தெரிகிற இடத்தில், சுற்றிலும் மரமில்லாத ரோட்டில், மூன்றாம் முறை நின்றது. ஏகாம்பரம் நடுரோட்டில் போய் நின்று கையை விரித்து ஒரு லாரியை மறித்தார். அது அவரை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த பஸ் எப்போது வருமென்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

எனக்கு மூளை ஓடவில்லை. நின்றால் சுத்தமாக இருக்கிறது, ஓடினால் அடைக்கிறது, இது என்ன பேய் வேலை? கிண்ணத்தையே கழற்றி, அதிலிருந்த பெட்ரோலோடு கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். தெளிந்த பெட்ரோல், அடியில் ஒன்றுமில்லை.

"இப்டி குடுபா," என்றார் ஏகாம்பரம்.

வாங்கி வெயிலில் சாய்த்தார். தறியில் பாவு பார்க்கிறவர்களின் பார்வை வேறு. எத்தனையோ ஆயிரம் நூலில் அறுந்தது எதுவென்று கண்டுபிடிக்கிற கண் அது.

"நூலெழ ஒண்ணு கெடக்குது."

"எங்க? ஒண்ணும் இல்லியே?"

"கெடக்குதுபா." சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டுத் தூக்கினார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு நூல். கட்டைவிரலில் வைத்து உருட்டினார். "பட்டு. அரக்கு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எஞ்சின் உறிஞ்சும்போது அந்த இழை போய் ஜெட்டின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. நின்றதும் விலகி மிதக்கிறது. அதனால்தான் திறந்து பார்த்தபோதெல்லாம் சுத்தம். ஓரம் தைக்காத என் வடிகட்டித் துணி, ஸ்பானர் எடுக்கத் திறந்த டிக்கியில் புனலோடு கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்க்ல வந்த குப்ப போல இருக்குது," என்றேன்.

அவர் இழையை வேட்டியில் துடைத்துவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். கிண்ணத்தை மாட்டிக் கிளப்பினேன். அதன் பிறகு கார் எங்கேயும் நிற்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் போகவேண்டிய இடத்துக்கு இரண்டேகால் மணி நேரமாயிற்று. தனக்கோட்டி பிழைத்துக்கொண்டாள். குழந்தை பெண். அது அழவே இல்லை. கிரேஸ் சிஸ்டர்தான் வராந்தாவுக்கு வந்து சொன்னார், சொல்லிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எவ்வளவு முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். இன்றுவரை எனக்கு அது தெரியாது. ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "நீ ஏதாச்சும் சாப்டியாபா?" என்றார். நான் எழுந்து காருக்குப் பின்னால் போய் அழுதேன். காஞ்சிபுரம் திரும்பியதும் அந்த அரக்குத் துணியை அடுப்பில் போட்டேன். கார் ஸ்டாண்டில் யாராவது 'பட்டு டிரைவர்' என்றால் காது கேட்காதவன் போல இருந்துவிடுவேன்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து அவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே நெருக்கமாக நெய்த வெள்ளைப் பட்டுத் துணி, புனலுக்குச் சரியான அளவு. நாலு பக்கமும் இரண்டு மடிப்பு மடித்துப் பொடித் தையல் போட்டிருந்தது.

"பெட்ரோல் வடிகட்டறதுக்கு," என்றார். "நூல் வராது. தனக்கோட்டி தச்சா."

அப்படியானால் அவளுக்கும் தெரியும். திட்டியிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் சொல்லவேண்டியது தொண்டை வரை வந்தது. "டீ சாப்புடறீங்களா?" என்றுதான் வாய் கேட்டது.

"வேணாம்பா. இன்னொருத்தர் வூட்டுக்கு அப்டி ஆவக்கூடாது, அதான்," என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

அந்தத் துணியில் ஐந்தாறு வருஷம் பெட்ரோல் வடிகட்டினேன். ஒருநாள்கூட ஜெட் அடைக்கவில்லை. டாக்டரம்மா காரை விற்றபோது நான் லீவில் இருந்தேன். புனலும் துணியும் டிக்கியிலேயே போய்விட்டன. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். கிரேஸ் சிஸ்டர் ஓய்வுபெற்று எந்த ஊருக்குப் போனாரோ. ஏகாம்பரமும் தனக்கோட்டியும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச்சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தக் குழந்தைக்குப் பிறகு அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

கார்புரேட்டரும் போய்விட்டது. இப்போது கார் நின்றால் ஒரு கம்ப்யூட்டரைச் சொருகுகிறார்கள், தப்பு எங்கே என்று அதுவே சொல்லிவிடுகிறது. அன்றைக்கு அதை மனுஷன்தான் வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது. கேட்க வேண்டியவர்கள் இருந்த நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது உங்களிடம் சொல்கிறேன். குப்பை பங்க்கிலிருந்து வரவில்லை. துணி என்னுடையது.