கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தவர்கள்

நான் வேன் ஓட்டுகிறவன். போன வருஷம் ஆவடியில் தீவுக்காரர்களுக்கு மட்டும் ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. திருநின்றவூரில் தங்கியிருந்த அந்தமான் பையன்களை மைதானத்துக்கு ஏற்றிப் போகிற வேலை எனக்கு. நாள்கணக்கில் கப்பலில் வந்த பையன்கள். தோற்றால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

நெமிலிச்சேரி அருகே கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. மெக்கானிக் நிதானமாக வந்தான்.

"சீக்கிரம்பா, மேட்ச் கீது."

"இன்னா அண்ணாத்தே, நீயா ஆடப் போற?"

பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால், மைதானத்தில் இறங்கி நிற்கிற அணி ஜெயித்ததாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை.

அரை மணி தாமதமாகப் போனோம். எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். எதிரணியான லட்சத்தீவுப் பையன்கள் கோட்டுக்கு வெளியே, பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். யாரும் இறங்காததால் அவரால் யாருக்கும் வெற்றி கொடுக்க முடியவில்லை.

பிறகு ஆட்டம் நடந்தது. லட்சத்தீவு தோற்றது.

அவர்கள் கேப்டனுக்குத் தமிழ் வரும். அவனிடம் போனேன். "ஏம்பா உக்காந்துகினீங்க?"

"கப்பல் லேட்டானா கரையில காத்திருப்போம் அண்ணா. அது எங்களுக்குப் பழக்கம்."

"இப்ப வருத்தமா இல்லியா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இப்போதும் குமணன்சாவடி சிக்னலில் வண்டி நின்றால் அந்த முகம்தான் வருகிறது.