சிவப்பு நட்சத்திரத்துச் செய்தியோடு அறைக்கு ஓடினேன்

இன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோட்டில் இறங்கினேன். டீக்கடைப் பேப்பரில் ஒரு செய்தி. நமக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சிறிய பாறைக் கோள்கள் சுற்றி வருகின்றனவாம். பூமி மாதிரியே கால் வைக்கத் தரை இருக்கலாமாம்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அறைக்கு ஓடினேன்.

என்னோடு தங்கியிருக்கும் ரமேஷுக்குப் பகல் ஷிப்ட். நான் வரும்போது அவன் கிளம்புவான். ஒரே பாயில் மாறி மாறித் தூங்குகிறோம். உட்கார்ந்து பேசி வாரக்கணக்காகிறது.

ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"பக்கத்துலன்னா எவ்ளோ தூரம்டா?"

"அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே வருசக்கணக்காவும்."

"இதப் போயி பக்கம்ங்கிறியே!" என்று சிரித்தான். பிறகு கேட்டான்: "அங்க ஆளுங்க இருக்காங்களா?"

"தெரியலடா. இனிமேதான்..."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"ஞாயித்துக்கெழம முழுசா சொல்லு மச்சான், நெசமாவே கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சிங்காரப்பேட்டைக்கு, பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவான். அவசரத்தில் மறந்திருப்பான். என் ஊருக்கு ஒரு நாள் லீவில் போய்த் திரும்ப முடியாது.

கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். தூக்கம் வரவில்லை. பிரவுசிங் சென்டருக்கு வந்து என் பிளாக்கில் இதை டைப் அடிக்கிறேன்.

ஆபீசில் மேனேஜருக்குத் தெரியாமல் இதைப் படிப்பவர்கள், அந்தக் கோள்களைப் பற்றி ஏதாவது கேளுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்கிறேன்.