புது டயரும் பாயச அண்டாவும்

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணி. பெஸ்தாரி ஜெயா ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் நிற்கும் ரோட்டில் என் பிக்கப் இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

பின்னால் இருநூறு பேருக்குச் சாப்பாடு. பக்கத்து சீட்டில் என் தங்கை புஷ்பா. பத்தாங் காலியில் ஒரு நிச்சயதார்த்தம். ஒரு மணிக்குப் பந்தி.

புஷ்பா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். போன வருடம் அதை விட்டுவிட்டு, கோல சிலாங்கூரில் வீட்டிலேயே கேட்டரிங் ஆரம்பித்தாள். பிறந்தநாள், படையல் என்று முப்பது நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தவளுக்கு இருநூறு பேர் இதுதான் முதல் தடவை. சாப்பாடு நன்றாக இருந்தால் கல்யாண ஆர்டரும் தருவதாகப் பெண்ணின் அம்மா சொல்லியிருந்தார். சொதப்பினால்? கெட்ட பேர் வாட்ஸ்அப்பில் எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு ஏற்ற வாடகை லோரி பேசப் போனவளைத் தடுத்தது நான்தான். "அண்ணன் பிக்கப் இருக்கும்போது உனக்கு எதுக்கு லோரி?" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு. ஏனென்றால் இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதற்குப் புது டயரும் புது ரிம்மும் போட்டிருந்தேன்.

பழையதைவிட அகலம், உயரம். மண் ரோட்டுக்கென்றே செய்த முரட்டு டயர். நான் மண் ரோட்டுப் பக்கமே போவதில்லை என்பது வேறு விஷயம். தஞ்சோங் காராங்கில் யாரோ ஒருவர் வண்டியில் பார்த்தேன்... ஆசை வந்துவிட்டது. பழைய டயரை ரிம்மோடு நானே தனியாகத் தூக்கிவிடுவேன். புதியதைத் தூக்க டயர் கடையில் இரண்டு பேர் வந்தார்கள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் கொடுமை. பாத்திரக் கடையில் டம்ளரைக் கையில் வைத்துக் கனம் பார்த்து வாங்குவோமே, அந்தப் புத்தி. கனமாக இருந்தால் நல்ல சாமான்!

"என்னாச்சு அண்ணே?" என்றாள் புஷ்பா.

"தெரியலையே லா."

பொய். தெரிந்துவிட்டது.

என் வண்டியில் டீசல் முள் மூன்று வருடமாகப் பாதியிலேயே நிற்கிறது. நான் அதைச் சரிசெய்யவில்லை. டேங்கை நிரப்பியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். அறுநூறு கிலோமீட்டர் ஓடும். ஐநூற்றைம்பதில் மறுபடி நிரப்பிவிடுவேன். ஒரு நாளும் ஏமாந்ததில்லை. இஜோக்கில் எண்ணெய் ஸ்டேஷனைத் தாண்டும்போதுகூட, டீசல் போட வேண்டாமா என்று புஷ்பா கேட்டாள். "மீட்டரைப் பாரு, நானூத்தி முப்பதுதான். தாராளமா போய்ட்டு வரலாம்" என்றேன்.

இப்போது மீட்டரில் நானூற்று ஐம்பது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை.

புஷ்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இறங்கிப் பின்னால் போய், பாயச அண்டாவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "தேங்காப் பால் பாயசம் அண்ணே. இந்த வெயில்ல எவ்ளோ நேரம் தாங்கும்னு எனக்கே தெரியல." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வீட்டிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் வந்து சேர முக்கால் மணி நேரமாகுமே.

இருபது நிமிடம் கழித்து, செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் மணியம். என் வயதுதான் இருக்கும். முள் வேலை செய்யாததையும் மீட்டர் நானூற்று ஐம்பதில் நிற்பதையும் நான் சொல்லச் சொல்ல, சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு டின் டீசலை எடுத்து ஊற்றினார். நான் சாவியைத் திருகப் போனேன்.

"பொறுங்க அண்ணே. டீசல் வண்டி காஞ்சி நின்னா சும்மா ஸ்டார்ட் ஆவாது. உள்ள காத்து பூந்திருக்கும்."

பானட்டைத் திறந்து, பில்டருக்கு மேலே இருந்த பம்பைக் கையால் அமுக்க ஆரம்பித்தார். அமுக்கிக்கொண்டே டயரைப் பார்த்தார்.

"புதுசா?"

"ரெண்டு வாரம்."

"மாத்துனப்புறம் இதான் மொத டேங்கா? மீட்டரை நம்பி வந்துட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"பெரிய டயர் ஒரு சுத்து சுத்துனா பழசைவிட அதிக தூரம் போவும் அண்ணே. மீட்டருக்கு அது தெரியாது, அது சுத்தைத்தான் எண்ணும். நானூத்தி அம்பதுன்னு காட்டும், நீங்க அதுக்கு மேலயே ஓடியிருப்பீங்க. டயர் கனத்துக்கு டீசலும் கூடத்தான் குடிச்சிருக்கும்."

நான் விடவில்லை. "என்னாங்க பெரிய கனம்... பின்னால ரெண்டு மூட்டை அரிசி ஏத்துன மாதிரிதானே?"

"மழை நாள்ல தோட்டத்துல நடந்திருக்கீங்களா?" என்று கேட்டார். "முதுகுல மூட்டை இருந்தாலும் நடந்துருவோம். பூட்ஸுல களிமண்ணு அப்பிக்கிச்சின்னா? ஒவ்வொரு அடிக்கும் அதையும் சேத்துத் தூக்கணும் லா. டிராபிக் லைட்டுல நின்னு நின்னு கெளம்புனா இன்னும் மோசம்."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தக் களிமண்ணில் நான் எத்தனை நாள் காலை இழுத்திருக்கிறேன். இருந்தும் டயர் கடையில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

உள்ளே இருந்த காற்று போய், பம்பு இறுகியது. மணியம் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இது என்னா அண்ணே?"

பழைய டயர்கள். ரிம்மோடு நாலும் அங்கேதான் இருந்தன. டயர் கடைக்காரர் கேட்ட விலைக்குக் கொடுக்க மனமில்லை. வாசலில் வைக்க மனைவி விடவில்லை. பிக்கப்பிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று காலையில் அது சௌகரியமாகவும் போயிற்று. ஒவ்வொரு டயர் மேலும் துணி விரித்து, நடுவில் ஓர் அண்டாவை இறக்கி வைத்தோம். சாம்பார் ஆடவில்லை, அசையவில்லை. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மணியம் விரல் விட்டு எண்ணினார். "கீழ நாலு, மேல நாலு, ஸ்பேரு ஒண்ணு. ஒம்பது டயரா அண்ணே? என் லோரிக்கே ஓடுறது ஆறுதான்."

அந்த நடுரோட்டில், அந்த வெயிலில், புஷ்பா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

டீசலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் மணியம். புஷ்பா வடையும் கேசரியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வண்டி கிளம்பியது. ஏர்கோனை அணைத்துவிட்டு, பிரேக்கைக் கூடியவரை தொடாமல் மெதுவாகவே ஓட்டினேன். முதல் எண்ணெய் ஸ்டேஷனில், அவள் சொல்லாமலே நிறுத்தி நிரப்பினேன்.

மண்டபத்துக்குப் போனதும் புஷ்பா முதலில் பாயசத்தைத்தான் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றிக் கண்ணை மூடினாள்.

"திரியல அண்ணே."

இருபது நிமிடம் தாமதமாகத்தான் பந்தி போட்டோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. பெண்ணின் தாய்மாமனும் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார் என்பதால் தட்டு மாற்றி முடிக்க நேரமாகிவிட்டது. அவருக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாளே பழைய டயரை மாட்டிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாட்டவில்லை. இன்னும் ஒரு வாரம் கண் குளிரப் பார்த்துக்கொள்கிறேனே? நாலு பேர் பார்க்கட்டும் என்று நாம் மாட்டிக்கொள்ளும் கனத்தை நம் வீட்டு ஆட்களும்தான் சேர்ந்து இழுக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. அன்றைக்கு இழுத்தவள் என் தங்கை.

பெண்ணின் அம்மா இரண்டு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, தை மாதக் கல்யாணச் சாப்பாட்டையும் புஷ்பாவிடமே ஒப்படைத்துவிட்டார். ஐநூறு பேர்.

அதற்குச் சாப்பாடு லோரியில்தான் போகும் என்கிறாள் புஷ்பா. எனக்குப் பந்தியில் இலை உண்டாம்; ஸ்டீயரிங் கிடையாதாம்.