நடைவழிச் சுவரில் ஒரு ரெனிஸ் சம்பியன்

வீட்டுத் திறப்பு (சாவி) என் கையிலிருந்து மூன்று முறை விழுந்தது. ரெய்னர்ஸ் லேனில் நான் தனியாக இருக்கும் பிளாட்டின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வலக்கை பார்வைக்கு என்னுடையது போலத்தான் இருந்தது. சொன்னதை மட்டும் கேட்கவில்லை.

பக்கத்துக் கதவைத் தட்டியிருக்கலாம். வெட்கத்தில் தட்டவில்லை. கொஞ்சம் இருந்தால் சரியாகும் என்று படியில் குந்திவிட்டேன். மகள் வதனி போன் எடுத்தபோது என் நாக்குக் குழறியது. அவள்தான் அம்புலன்சைக் கூப்பிட்டாள். அதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டு, உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ இப்படி வந்தால் வெட்கப்படாமல் கதவைத் தட்டுங்கள். இதை எழுத வந்ததில் பாதிக் காரணம் அதுதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மறுவாழ்வு வாட்டுக்கு (திரும்ப நடக்கவும் பேசவும் பழக்கும் இடம்) மாற்றினார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது. வலக்கால் இழுபட்டாலும் நின்றது. வலக்கை மட்டும் வரவில்லை. அதோடு நான் சாப்பிடுவதும் நின்றுபோனது.

தட்டு வரும். கரண்டியை இடப்பக்கம் வைப்பார்கள். நான் தொடமாட்டேன். தாதி ஊட்ட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வதனி வேலை முடிந்து பின்னேரம் வந்து, திரையை இழுத்துவிட்டு, இடியப்பமும் சொதியும் ஊட்டுவாள். அது ஒன்றுதான் ஒரு நாளைக்கு. உடுப்பெல்லாம் தொளதொளத்தது.

தொண்டையைச் சோதித்தார்கள். விழுங்கும் பரிசோதனை (சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்ப்பது) இரண்டு தரம் நடந்தது. மனச்சோர்வாக இருக்குமோ என்றும் கேட்டார்கள். கடைசியில் டொக்டர் வதனியைக் கூப்பிட்டுக் கதைத்தார். அவள் வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"அம்மா, திங்கட்கிழமை வரைக்கும் பாப்பினமாம். அதுக்குள்ள சாப்பிடாட்டி மூக்கால குழாய் விடுவினம். பிறகு தனிய வீட்டை விட ஏலாதாம். பராமரிப்பு இல்லம்தானாம்."

"நான் என்ர வீட்டை போகோணும்."

"அப்ப சாப்பிடுங்கோவன்! என்னம்மா செய்யுது உங்களுக்கு?"

நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையிடமும் வாய் வரவில்லை.

நடைப் பயிற்சி தருபவர் தர்சினி. இங்கேயே பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். வாட்டுக்கு வெளியே நீண்ட நடைவழி. அதன் சுவரில் பிடிகம்பிக்கு மேலே ஏழு பழைய படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஒரே பெண். நூறு வருசத்துக்கும் முந்தி விளையாடிய, அந்தப் பகுதியில் பிறந்த ரெனிஸ் சம்பியனாம். படங்களுக்குக் கீழே எழுதியிருந்தது இங்கிலீசில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அது எனக்கு வாசிக்க வராது.

"அன்ரி, அடுத்த படத்துக்கு ஆறடி. நடந்தா வாசிப்பன். நடக்காட்டி இல்லை."

"கண்டறியாத லஞ்சம்," என்றேன். ஆனால் நடந்தேன்.

ஒரு நாளைக்கு ஒரு படம். முதல் படத்தில் நிலத்தைக் கூட்டும் வெள்ளைப் பாவாடையோடு ஒரு சின்னப் பெட்டை. தகப்பன் ரெனிஸ் கிளப்பில் புல்தரையைச் சமப்படுத்த உருளை இழுப்பவர். காலையில் சீமாட்டிகள் வருவதற்கு முன், கிளப்பின் பின்சுவரில் இவள் பந்தடித்துப் பழகினாளாம். இரண்டாவது படத்தில், விளையாட ஒரு ஆள் குறைந்த நாளில் மனமில்லாமல் அவளைச் சேர்த்த கூட்டம். எல்லாருக்கும் தொப்பி. அவளுக்கு இல்லை. மூன்றாவதிலும் நான்காவதிலும் கோப்பை. வலக்கையை உயர்த்தி அடிக்கிறபோது அந்தப் பாவாடை காற்றில் நிற்பதைப் பார்த்தால் ஆளே ஒரு தீபம் போல இருந்தாள். எனக்கு ரெனிஸ் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் காலை வைத்திருந்த வடிவை விட்டு என் கண் அகலவில்லை.

ஐந்தாவது படத்துக்கு நான் வந்தது வெள்ளிக்கிழமை. தர்சினி வாசித்தார். சைக்கிளில் விழுந்து வலத்தோள் உடைந்ததாம். எலும்பு பிழையாகப் பொருந்தி, கை காதுக்கு மேலே எழும்பவில்லையாம். அவள் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதினவாம். அவள் மட்டையை இடக்கைக்கு மாற்றினாள்.

"பிறகு வெண்டாளோ?"

"இல்லை அன்ரி. அந்த வெயில்காலம் முழுக்கத் தோல்விதானாம். ஒரு பள்ளிக்கூடப் பெட்டையிட்டயும் தோத்தவவாம். சனம் சிரிச்சதாம். ஆனா ஒவ்வொரு போட்டிக்கும் போய் நிண்டிருக்கிறா."

படத்தை நன்றாகப் பார்த்தேன். முந்தைய படங்களின் வடிவு ஒன்றுமில்லை. மட்டையை அகப்பை பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். பின்னால் ஒரு ஆள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். அவள் பந்தை மட்டும் பார்க்கிறாள்.

"அவவுக்கு வெக்கமா இருந்திராதோ?" என்றேன்.

"அது இதில எழுதேல்லை. ஏன் கேக்கிறியள்?"

கம்பியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துச் சொன்னேன். இடக்கை கழுவுகிற கை. எழுபத்திரண்டு வருசமாக ஒரு பருக்கையை அதால் தொட்டதில்லை. சின்னனில் தொட்டபோது வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. பத்துப் பேருக்கு முன்னால் அந்தக் கையால் எப்படி வாய்க்குள் வைப்பது?

தர்சினி என் பக்கம் திரும்பிச் சொன்னார், "அன்ரி, மூண்டு டொக்டர்மார் உங்கட தொண்டையைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"தொண்டையில ஒண்டுமில்லைப் பிள்ளை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, பாதி வாயால்.

அன்று மத்தியானம் என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். எதிரே ஆறுமுகம் அண்ணை. பார்க்கிங் என்ற ஊரில் கடை வைத்திருந்த தமிழர், என்னைப் போலப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தவர். அவர் இருந்தபடியால்தான் நான் அந்த அறைக்கு வரவே பயந்தேன். வெள்ளைக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

கரண்டியை இடக்கையால் எடுத்தேன். மசித்த உருளைக்கிழங்கு. முதல் கரண்டி நெஞ்சில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். அண்ணை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தங்கச்சி, இடக்கையோ?"

முகம் எரிந்தது. "ஓம் அண்ணை. மற்றது வேலை செய்யேல்லை."

"உங்களுக்குச் சாப்பிட வெக்கம். எனக்குக் கழுவிற கை போயிட்டுது. பின்பக்கம் ஒரு தாதிப் பெடியன் கழுவி விடுறான். என்ர வெக்கத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ!"

சிரித்ததில் மூன்றாவது கரண்டியும் கொட்டுப்பட்டது. நாலாவது வாய்க்குள் போனது.

சனியும் ஞாயிறும் அந்த மேசைக்குப் போனேன். தட்டில் பாதி முடிந்தது, மற்றப் பாதி ஏப்ரனில். திங்கட்கிழமை நிறை பார்த்தார்கள். ஏறியிருக்கவில்லை, ஆனால் குறையவுமில்லை. டொக்டர் குழாயை நிறுத்திவைத்தார். வதனிக்கு நானே காரணத்தைச் சொன்னேன். "இதைச் சொல்ல மாட்டியளோ?" என்று கத்தினாள். பிறகு என் இடக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மிச்சப் படங்களையும் நடந்து பார்த்தேன். இடக்கையால் ஆடி அவள் ஒருமுறை இறுதிப் போட்டி வரை வந்து தோற்றாளாம். பெரிய கோப்பை பிறகு கிடைக்கவே இல்லை. ஏழாவதில் தலை நரைத்து, பாவாடை குட்டையாகி, இடக்கையால் ஓங்கி அடிக்கிறாள். கால் பழையபடி வடிவாக நிற்கிறது. கோப்பைப் படங்களை விட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவள் எத்தனை தரம் வென்றாள் என்பதை நான் மறந்துவிட்டேன். சிரித்த சனத்துக்கு முன்னால் மறுநாளும் போய் நின்றதை மறக்கவில்லை.

ஏழு கிழமையில் வீட்டுக்கு வந்தேன். காலையில் ஒரு பராமரிப்புப் பிள்ளை வந்து குளிக்க உதவும். மற்றதெல்லாம் நான்தான்.

கரண்டியை இப்போது விட்டுவிட்டேன். இடது விரல்களால் சோற்றைப் பருப்போடு குழைக்கிறேன். முந்தி பத்து நிமிசத்தில் சாப்பிட்டு எழும்புவேன், ருசி கூட ஞாபகமிருக்காது. இப்போது முக்கால் மணித்தியாலம் ஆகிறது. ஒவ்வொரு கவளமும் போய்ச் சேருமோ என்று காத்திருந்து சாப்பிடுகிறேன். என் வலக்கைக்கு எழுபத்துநாலு வயது. களைத்துப்போய் மடியில் படுத்திருக்கிறது. இடக்கை சாப்பிடத் தொடங்கி இன்னும் இரண்டு வருசமாகவில்லை. அது சின்னப் பிள்ளையைப் போலச் சிந்துகிறது. நான் அதை ஏசுவதில்லை. மேசையைத் துடைத்துவிட்டு இன்னொரு அகப்பை சோறு போடுகிறேன்.